மூன்றாவது டிக்

மைக்கம்மாவின் குரலைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. முகத்தைத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம்.

பேருந்து நிலையத்தில் மாடிப்படி முடிகிற இடத்தில், கண்ணாடி போட்ட சின்ன அறைதான் அவளுடைய அலுவலகம். ஒரு மேசை, பஞ்சு பிய்ந்த ஒரு மைக், சுற்றும்போதெல்லாம் யாரையோ திட்டுவதுபோல் முணுமுணுக்கும் ஒரு மின்விசிறி. காலையிலிருந்து மதியம் வரை அங்கே உட்கார்ந்து, எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது வரவே வராது என்பதை ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருமுறை மருந்துக்கடையில் அவள் "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்டதும், பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் பதறிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பாதித் தெரு போன பிறகுதான் அவருக்கு மருந்து வாங்க வந்தது நினைவுக்கு வந்தது.

ஊருக்கே பேசுகிறவளுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. கல்யாணம் இதோ அதோ என்று தள்ளிப்போய், கடைசியில் அதைப் பற்றிக் கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஓர் அடுப்படி. குக்கரில் ஒருத்திக்குச் சமைத்தால் அடிப்பிடிக்கிறது என்று இரண்டு பேருக்குச் சமைத்து, மறுநாளும் அதையே சாப்பிடுவாள்.

அவளுக்கென்று இருந்தது தங்கை ஒருத்திதான். சின்னவள்.

சின்னவள் வேறு ஊரில் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டாவது தெருவில்தான் இருந்தாள். கீழே கணவனின் சோபா கடை, மேலே வீடு. மாடிப்படி கடைக்குள்தான் இறங்கும். கடைக்காரனின் கல்லாவைத் தாண்டாமல் யாரும் மேலே போகவும் முடியாது, கீழே வரவும் முடியாது. ஊரில் பெரிய மனிதர் அவர். நிலையத்துக் காத்திருப்பு நாற்காலிகள்கூட அவர் உபயம்தான். முதுகு சாய்கிற இடத்தில் பெயர் எழுதியிருக்கும். "உங்க அக்கா வந்துட்டுப் போனாலே உனக்கு வாய் நீளுது" என்று அவர் ஒருநாள் சொன்னார். அதோடு அக்காள் வருவது நின்றது. நாலு எட்டு வைத்தால் எட்டிவிடும் தூரத்தில் இருந்துகொண்டு, ஐந்து வருடமாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சின்னவள் ஒருமுறை துணிந்து காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே அவளை உட்காரவைத்த சோபாவே அவர் கடையில் வாங்கியது.

ஆனால் அவர்களிடம் போன் இருந்தது. போனில் பூட்டுப் போட்ட செய்திச் செயலி ஒன்று இருந்தது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. படித்த கொஞ்ச நேரத்தில் தானாக அழிந்துவிடும். தினமும் சாப்பாட்டு மேசையில் மனைவியின் போனை வாங்கிப் பார்க்கும் கணவர் அதில் பால்காரரின் கணக்கைத் தவிர எதையும் கண்டதில்லை.

"அக்கா, உன் குரலைக் கேட்டுத்தான் குக்கரை இறக்குறேன். அந்தத் துறைமுக பஸ்ஸை நீ சொன்னா பதினோரு மணின்னு அர்த்தம். லேட்டா சொல்லி என் சோத்தைக் குழைச்சுடாதே" என்று எழுதுவாள் சின்னவள்.

"பஸ் லேட்டுன்னா நான் என்ன பண்றது? ஓட்டுறவன்கிட்ட போய்ச் சொல்லு" என்று இவள் எழுதுவாள். எழுதிவிட்டுத் தனியாகச் சிரிப்பாள்.

அப்படித்தான் ஒருநாள் சின்னவள் முடிவைச் சொன்னாள். போய்விடப் போகிறாள். துறைமுக நகரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலறைப் பொறுப்பு காத்திருந்தது. எப்போது என்பதுதான் பாக்கி.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்துக்குக் குடிமக்களின் மனது திறக்கவில்லையே என்று கவலை வந்தது. திறந்த மனச் சட்டம் வந்தது. அதைக் கவனித்துக்கொள்ள உரையாடல் நல வாரியம் வந்தது. வாரியத்தின் இயக்குநர் ஊர் ஊராகப் போய் விளக்கம் சொன்னார். இந்த ஊரில் கூட்டம் சேர்வது பேருந்து நிலையத்தில்தான் என்பதால், அங்கேயே வந்து மைக்கம்மாவின் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பொதுமக்களே! நாங்க உங்க பூட்டை உடைக்க வரல. பூட்டு உங்களோடது, பத்திரமா வச்சுக்குங்க. சாவி மட்டும் ஒண்ணு எங்ககிட்ட இருக்கும். அந்தச் சாவி திருடு போச்சுன்னா என்ன பண்றதுன்னு சிலர் கேக்குறாங்க. போகவே போகாது. போன வருஷம் போச்சே, அது பழைய சாவி."

கூட்டத்தில் யாரோ அதிகாரிகளின் செய்திகளும் திறக்கப்படுமா என்று கேட்டார்கள்.

"அது எப்படிங்க முடியும்? அதுலதான் ரகசியம் இருக்கே!" என்று இயக்குநர் வியந்தார். "ஒரு நல்ல குடும்பத்துல யாராவது கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவாங்களா? நான் என் வீட்டுல ஒரு கதவையும் சாத்த விட்டதில்ல. என் பையன் லீவுக்குக்கூட வீட்டுக்கு வர்றதில்ல, அது வேற விஷயம்."

கைதட்டினார்கள். தட்டச் சொல்லி அழைத்து வரப்பட்டவர்கள் முதலில் தட்டினார்கள். பேருந்து வந்துவிட்டதென்று நினைத்து மற்றவர்களும் தட்டினார்கள். இயக்குநர் போனதும் மைக்கம்மா மைக்கைத் துடைத்துவிட்டு, அடுத்த பேருந்தை அறிவித்தாள்.

மறுநாளிலிருந்து செயலியில் மூன்றாவது டிக் விழத் தொடங்கியது. முதல் டிக், செய்தி கிளம்பியதற்கு. இரண்டாவது, போய்ச் சேர்ந்ததற்கு. சிவப்பு நிறத்தில் மூன்றாவது, வாரியம் படித்ததற்கு. போனில் மறைந்தாலும் எதுவும் இனி அழியாது. ஒரு பிரதி வாரியத்தில் இருக்கும். பல வீடுகளில் இரண்டாவது டிக் விழுவதற்கு முன்பே மூன்றாவது விழுந்தது. கணவன் படிக்காவிட்டால் என்ன, வாரியமாவது படிக்கிறதே என்று ஆறுதல் அடைந்த மனைவிகளும் இருந்தார்கள்.

வாரியம் பொறுப்போடு படித்தது. மைக்கம்மா அனுப்பிய ஒரு செய்திக்குக் கீழே சிவப்பு எழுத்தில், "தங்கள் செய்தியில் ஒற்றுப் பிழை உள்ளது. கவனிக்கவும்" என்று ஒரு குறிப்பு வந்தது.

"அவங்களுக்கு ஒற்று தவிர வேற என்ன கண்ணுல படப்போகுது!" என்று சின்னவள் எழுதினாள். அதற்கும் மூன்றாவது டிக் விழுந்தது.

அதன் பிறகு இரண்டு பேருக்கும் விளையாட்டாகப் பேச வரவில்லை. கூடத்தில் அந்நியர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அடுப்படியில் பேசுவதுபோல் ஆகிவிட்டது. சின்னவள் வானிலையில் எழுத ஆரம்பித்தாள். "இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே இடி. மழை இல்ல." மைக்கம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "மேகமா இருந்தா மொட்டை மாடிக்குப் போயிடு" என்று பதில் எழுதுவாள். ஒருநாள் வந்தது: "நேத்து நல்ல மழைக்காஆஆ. இடது பக்கம் பூரா." அன்றைக்கு மைக்கம்மா இரண்டு பேருந்துகளை நடைமேடை மாற்றிச் சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் வந்தது. "மாசக் கடைசியில வெயில் அடிக்கும்கா. குடை இல்லாம கிளம்பிடுவேன்."

பிறகு வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது.

வாரியத்தின் அலுவலகம் முன்பு திரையரங்கமாக இருந்த கட்டடம். நாற்காலிகளைப் பெயர்க்க முடியாததால் அப்படியே விட்டிருந்தார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் வரிசையாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, திரைக்குக் கீழே மேசை போட்டு விளக்க அலுவலர் அமர்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். தொண்டைக்கு எப்போதும் ஒரு மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்ட ஒரு பெண், கணினி முன்னால் குனிந்திருந்தாள். விசாரிக்கப்படும் செய்தி எல்லோருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரையில் ஆள் உயர எழுத்தில் விழுந்தது. பின்வரிசையில் ஒருவர் தின்பண்டம் கொண்டுவந்திருந்தார்.

"அம்மா, உங்க தங்கச்சி போன செவ்வாய்க்கிழமை இடின்னு எழுதியிருக்காங்க" என்றார் அலுவலர். "வானிலை மையத்துல கேட்டோம். அன்னிக்கு வானம் பளிச்சுன்னு இருந்துச்சாம். சான்றிதழே குடுத்திருக்காங்க."

மைக்கம்மா திரையைப் பார்த்தாள். தங்கையின் வரி அங்கே, ஒவ்வோர் எழுத்தும் அவளை விடப் பெரிதாக நின்றது.

"அடுத்து இது. ‘நல்ல மழைக்கா, இடது பக்கம் பூரா.’ மழை எப்படிம்மா இடது பக்கம் மட்டும் பெய்யும்?"

கணினிப் பெண் தலை நிமிராமல் சொன்னாள். "சார், ‘மழைக்கா’ இல்ல. ‘மழைக்காஆஆ’. மனசு சரியில்லாதப்போ அவங்க அப்படித்தான் இழுத்து எழுதுவாங்க."

மைக்கம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது டிக் இவள்தான் என்று அப்போது தெரிந்தது. நாற்பது வயதிருக்கலாம். விரல் நகங்களைக் கடித்துக் கடித்துத் தீர்த்திருந்தாள்.

"சரி, இழுத்தே இருக்கட்டும்" என்றார் அலுவலர். "பொய் வானிலை பரப்புறது பெரிய குத்தம்மா. ஜனங்க நம்பித் துணியை உள்ள எடுத்துட்டா என்ன ஆகுறது? இதுக்கு விளக்கம் வேணும். நீங்க சொல்லலைன்னா தங்கச்சி வீட்டுக்கே ஆள் அனுப்பி, அவங்க வீட்டுக்காரரை வச்சுக்கிட்டு விசாரிப்போம். முறை அப்படி."

மைக்கம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்கப் பேசியே பிழைக்கிறவளுக்கு அப்படி ஆவது அதுதான் முதல் தடவை.

"சார்... அது வானிலை இல்லைங்க. அவ வீட்டுக்காரரைச் சொல்றது. இடின்னா கத்துறார்னு அர்த்தம்."

"மழைன்னா?"

"கை நீட்டுறார்னு."

 அலுவலர் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

"அப்பாடா, குடும்ப விஷயமா! நான்கூட ஏதோ குற்றமோன்னு பயந்துட்டேன். இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா." கணினிப் பெண்ணிடம் திரும்பினார். "எழுதிக்குங்க. இடி, மழை, ரெண்டும் கணவர். வழக்கு முடிஞ்சுது."

அந்தப் பெண் எழுதிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

வழக்கு முடிந்ததென்று மைக்கம்மாவும் நினைத்தாள். இரண்டு வாரம் கழித்துக் குடும்பத் திறப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வாரியம் படிக்கிற செய்திகளின் சுருக்கம், உரிய விளக்கங்களோடு, மாதம் ஒருமுறை அந்தந்தக் குடும்பத் தலைவருக்கு அனுப்பப்படும். முதல் சுருக்கம் வருகிற வெள்ளிக்கிழமை. இயக்குநர் தொலைக்காட்சியில் தோன்றி, கண்கலங்கச் சொன்னார்: "வீட்டுத் தலைவருக்கே தெரியாத விஷயம் அரசாங்கத்துக்கு மட்டும் தெரிஞ்சிருக்கிறது எவ்வளவு பெரிய அநியாயம்! இத்தனை நாள் எங்க மனசு எப்படி உறுத்திச்சு தெரியுமா?"

மைக்கம்மா சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இடி என்றால் என்ன, மழை என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் வாய். அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு மாசக் கடைசி வெயிலைப் படித்தால் கடைக்காரருக்கு எல்லாம் புரிந்துவிடும். தட்டில் சோறு அப்படியே ஆறிப்போயிற்று.

விடிந்ததும் விடுப்புச் சொல்லிவிட்டு வாரியத்துக்கு ஓடினாள். அங்கே தனியுரிமைக் காப்பாளர் என்று ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். வரிசையில் நின்று நின்று முன்னால் போனபோது, அதே மேசையில் அதே விளக்க அலுவலர் உட்கார்ந்திருந்தார். பெயர்ப்பலகையை மட்டும் மறுபக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"காலையில தனியுரிமை, மத்தியானம் விளக்கம்" என்றார். மேசையிலிருந்த மைக்கைத் தட்டிப் பார்த்தார். "அடுத்து, தன் தங்கையின் விஷயத்தைத் தங்கை புருஷனிடமிருந்து மறைக்க விரும்பும் பெண்மணி! பின்னால கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றார்கள் பின்வரிசையில்.

"சார், மெதுவா பேசலாமே..."

"தனியுரிமை மனுன்னா பகிரங்கமாத்தாம்மா விசாரிக்கணும். இல்லைன்னா நாங்க மூடிமறைக்கிறோம்னு சொல்லுவாங்க. சொல்லுங்க, என்ன வேணும்?"

"அந்தச் சுருக்கம் அவ வீட்டுக்கு மட்டும் போகக் கூடாதுங்க. போனா அவளை உயிரோட விடமாட்டாரு."

"கண்டிப்பா நிறுத்தலாம். அதுக்குத்தானே நான் இருக்கேன்!" அலுவலர் உற்சாகமானார். "நீங்க என்ன மறைக்கணும்னு முழுசா எழுதிக் குடுங்க. அதை வாசல்ல பலகையில ஒட்டுவோம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லணும்ல? அப்புறம், இதுல பாதிக்கப்படுறவர் யாரு? அந்த வீட்டுக்காரர். அவர்கிட்ட இருந்து மறைக்கிறதுல அவருக்கு ஒண்ணும் வருத்தமில்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. அன்னிக்கே நிறுத்திடலாம்."

மைக்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று தேடினாள். அவர் உதவி செய்துவிட்ட திருப்தியோடு மிட்டாயை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? போனில் எழுதினால் சிவப்பு டிக். கூப்பிட்டால் பக்கத்தில் கணவர். நேரில் போனால் கல்லா. சுற்றியிருந்த எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, உள்ளே நுழைய வழியில்லாமல் செய்துவிட்டார்கள். புதன்கிழமை காலை வேலைக்கு வந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். உள்ளூர்ப் பேருந்தைச் சொன்னாள். மலைப்பாதைப் பேருந்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு, பொத்தான் மேல் வைத்த விரலை எடுக்காமல் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளின் கணவர் மதியம் மேலே வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். அந்த நேரத்தில் கீழே கடையைப் பார்த்துக்கொள்கிற ஆளும், காட்சிக்கு வைத்த நீளச் சோபாவின் தரத்தைப் படுத்துப் பார்ப்பான். இதையெல்லாம் பழைய நாட்களில், பூட்டு பூட்டாக இருந்தபோது, சின்னவளே சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறாள். துறைமுக நகரத்துக்குப் போகிற மதியப் பேருந்து நாலாம் நடைமேடைக்கு வந்து நின்றது.

மைக்கம்மா பொத்தானை அழுத்தினாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வெள்ளிக்கிழமை மிகக் கனத்த மழை எதிர்பார்க்கப்படுகிறது. எனவே, துறைமுக நகரத்துக்கு மாதக் கடைசியில் புறப்பட இருந்தவர்கள் இன்றே, இந்தப் பேருந்திலேயே புறப்படும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பேருந்து நாலாம் நடைமேடையில் நிற்கிறது. குடை வேண்டாம். எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பி வந்தால் போதும்."

ஒலிபெருக்கி அந்தக் குரலைத் தூக்கிக்கொண்டுபோய் நாலு தெருவுக்கும் கொட்டியது. அவள் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். மாதக் கடைசியில் துறைமுக நகரம் போக இருந்தவர்கள் அந்த ஊரில் இவ்வளவு பேரா என்று ஆச்சரியமாக இருந்தது. கால் சட்டையின் ஒரு காலை மட்டும் இஸ்திரி போட்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். கையில் சோப்பு நுரையோடு ஒரு பெண் வந்தாள். பேருந்துக்கு முன்னால் தள்ளுமுள்ளு.

நிலைய மேலாளர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "என்னம்மா இது? மழைன்னு யார் சொன்னா? வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது!"

"வரும்னு தோணுச்சுங்க சார்."

"உனக்குத் தோணுறதை எல்லாம் மைக்ல சொல்லுவியா? இத்தனை வருஷத்துல உனக்கு ஒண்ணுகூடத் தோணினதில்லையேம்மா!"

அவள் கண்ணாடி வழியே கூட்டத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு முகத்தைத் தேடியதால், எதிரே வந்த முகத்தை முதலில் தவறவிட்டாள். பிறகு பார்த்தாள். வீட்டுச் செருப்பு. கையில் எதுவும் இல்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே இறங்கி வந்திருக்க வேண்டும். உடையின் ஓரத்தில் இரண்டு துணிக் கிளிப்புகள் கடித்துக்கொண்டிருந்தன. முன்தலை முடி வெளுத்திருந்தது. இவ்வளவு மெலிந்தவளா அத்தனை வாயடித்தாள்?

சின்னவள் கூட்டத்துக்கு நடுவில் ஒரு கணம் நின்று, தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள்.

மைக்கம்மா கையை ஆட்டவில்லை. கடைக்காரரைத் தெரிந்தவர்கள் நிலையம் முழுக்க இருந்தார்கள். அவர் பெயரின் மேல்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி ஓடிப் போய் அந்தக் கிளிப்புகளையாவது எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. மேலாளர் பக்கத்தில் நின்று ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நாலாம் நடைமேடை. ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாக உள்ளது. பத்திரமாகப் போய் வரவும்."

"போய் வரவும்னு நாம எப்பம்மா சொன்னோம்?" என்றார் மேலாளர்.

பேருந்து கிளம்பியது.

வெள்ளிக்கிழமை ஒரு தூறல்கூட இல்லை. சுருக்கம் வீடு தேடி வந்தபோது அதில் சொல்லப்பட்டவள் வீட்டில் இல்லை. கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வாரியத்துக்குப் போய், மைக்கம்மாதான் தகவல் சொல்லியிருக்கிறாள், மைக்கிலேயே சொல்லியிருக்கிறாள், ஊரே சாட்சி என்று குதித்தார். மைக்கம்மாவை வரவழைத்தார்கள். விளக்க அலுவலர் இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இவங்க ரகசியமா சொல்லியிருந்தா பிடிச்சிருப்போம். ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னதை நாங்க எப்படிங்க ஒட்டுக்கேக்குறது? எங்க துறையில அதுக்கு இடமே இல்ல."

"அப்ப என் பொண்டாட்டி எங்கன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்!"

"அவங்க ஏதாவது செய்தி அனுப்பினா அந்த நிமிஷமே சொல்றோம். அந்த விஷயத்துல எங்களை நம்பலாம்" என்றார் அலுவலர்.

மைக்கம்மாவும் அதைத்தான் நம்பினாள். அதனால்தான் சின்னவளிடமிருந்து செய்தி வரக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டாள். வரவும் இல்லை. துறைமுகப் பேருந்து ஓட்டுநரிடம் ஒருநாள் சும்மா கேட்பதுபோல், அன்றைக்கு ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளே, ஒழுங்காக இறங்கினாளா என்று கேட்டாள். "எத்தனையோ பேர் ஏறுறாங்க, எத்தனையோ பேர் இறங்குறாங்க. யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிறதுக்கா?" என்றார் அவர். பதினோரு மணிக்கு அந்தப் பேருந்தைச் சொல்லும்போது, பின்னால் இரண்டாவது தெருவில் எந்தக் குக்கரும் இதற்காகக் காத்திருக்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வரும். சொல்லத்தான் வேண்டும், சொல்லுவாள். போனை மேசையில் கவிழ்த்து வைப்பாள். சொல்ல வேண்டியதெல்லாம் மனசுக்குள் வரிசையாக நின்றன. இன்று மேலாளர் படியில் வழுக்கினார். கேன்டீனில் புதிதாக ஒரு பூனை. எதற்கும் ஒரு டிக்கும் விழவில்லை.

மூன்று மாதம் போனதும் இயக்குநர் மறுபடி வந்தார். அதே மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, மைக்கம்மாவைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார்.

"இந்த அம்மாவைப் பாருங்க! மூணு மாசமா ஒரு செய்திகூட அனுப்பல. இவங்களுக்கும் யாரும் அனுப்பல. இவங்களைப் படிக்க எங்களுக்கு ஒரு நிமிஷம்கூட செலவாகல! எல்லா ஜனங்களும் இப்படி யாருமே இல்லாம இருந்துட்டா, நாடு எவ்வளவு பாதுகாப்பா இருக்கும்!"

மாதிரிக் குடிமகள் என்று சொல்லி, பரிசாகப் புத்தம்புதிய போன் ஒன்றைக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் அதைப் பிரிக்காமலே வீட்டில் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், கூட்டம் குறைந்த நேரத்தில், கண்ணாடிக் கதவை யாரோ விரலால் தட்டினார்கள். பேருந்து விசாரிக்க யாரும் மேலே வருவதில்லை. எட்டிப் பார்த்தாள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. வாரியத்துக் கணினிப் பெண்.

"ஆபீஸ் வேலையா வரலைங்க" என்றாள் அவள் அவசரமாக. "லீவு போட்டுட்டு வந்தேன்."

"எந்த ஊருக்குப் போகணும்?"

"எங்கயும் இல்லைங்க." அவள் உள்ளே வராமலும் போகாமலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் எழுதுறதில்லைன்னு என்னை வேற பகுதிக்கு மாத்திட்டாங்க. அங்க எல்லாம் வியாபாரம். சரக்கு வந்துச்சா, வரலையான்னு. எனக்கு வீட்டுல யாரும் இல்லைங்க. காலையில வந்ததும் மொதல்ல உங்களோடதைத்தான் எடுப்பேன். குழைஞ்ச சோறு, ஒற்றுப் பிழை... அது நான் போட்டதுதாங்க. சும்மா, உங்ககிட்ட ஏதாவது பேசணும் போல இருந்துச்சு."

மைக் அணைந்திருக்கிறதா என்று மைக்கம்மா ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அந்தச் சுருக்கத்தை நான்தான் எழுதணும்னாங்க. எழுதிட்டேன். எழுதிட்டு அந்த வெள்ளிக்கிழமை சாப்பிடலை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சின்னவங்க நல்லா இருக்காங்களா? அதை மட்டும் சொல்லுங்க. எங்க இருக்காங்கன்னுகூட வேண்டாம்."

சின்னவளைப் பற்றி இந்த உலகத்தில் யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று! சின்னவள் எப்போது இழுத்து எழுதுவாள், எதற்குச் சிரிப்பாள் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், ஒருத்தி நின்றிருந்தாள். உள்ளே வா, உட்கார், அவள் வந்தபோது உடையில் துணிக் கிளிப்புகூட இருந்தது தெரியுமா என்று சொல்ல மைக்கம்மாவுக்கு நெஞ்சு வரை வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் கைப்பை தோளில் தொங்கியது. பாதி திறந்திருந்தது. உள்ளே போனின் விளிம்பு தெரிந்தது. எல்லோர் பையிலும் போன் இருக்கும். அவள் கண் கலங்கியிருந்தது. இயக்குநருக்கும் தொலைக்காட்சியில் கண் கலங்கியது.

"யாரு?" என்றாள் மைக்கம்மா.

"உங்க தங்கச்சிங்க."

"எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்லைங்களே."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். "சரிங்க" என்றாள். "அதுவும் நல்லதுதாங்க." கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, படிகளில் இறங்கிப் போனாள். கீழே நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வாசலைத் தாண்டும் வரை மைக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளூர்ப் பேருந்து வந்து நின்றது. மைக்கம்மா பொத்தானை அழுத்தி அதை அறிவித்தாள்.

அன்றைக்கு ஒலிபெருக்கியில் ஏதோ கரகரவென்று கேட்கிறது, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்று இரண்டு மூன்று பயணிகள் மேலாளரிடம் புகார் சொன்னார்கள். அவர் உடனே ஆள் வைத்து ஒயரை மாற்றினார்.